மனிதர்கள் ஏன் ஓடுகிறார்கள்? ஓட்டமும் விடுதலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் காலணி வாங்குவது, வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுவது, எடையை எப்படிக் குறைப்பது என்பன போன்ற கேள்விகளுக்கு விடை சொல்பவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். இங்கே அவை எடுத்துக்கொள்ளப்படவில்லை. துரத்துவதற்கு யாரும் இல்லாதபோதும், பரிசு எதுவும் காத்திராதபோதும் ஒருவர் ஏன் நாள்தோறும் ஓடப் போகிறார், ஓடி முடித்தபின் எதிலிருந்தோ விடுபட்டதுபோல் இருக்கிறது என்று அவர் சொல்வதற்கு என்ன பொருள் என்பதே இங்குள்ள கேள்விகளின் மையம்.

உடல்நலத்துக்காக ஓடுகிறார்கள் என்று சொன்னால் போதாதா?

தொடங்குவதற்கு அந்தக் காரணம் போதும். இரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று மருத்துவர் எச்சரித்தார், பழைய சட்டை இறுகிவிட்டது, நண்பர் ஒருவர் வற்புறுத்தினார் என்று தொடங்குபவர்களே பெரும்பான்மையினர். ஆனால் எடை குறைந்து, இரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்த பிறகும் அவர்கள் ஓடுவதை நிறுத்துவதில்லை. உடல்நலம் ஒன்றே காரணமாக இருந்தால், அதே நலனைத் தரக்கூடிய, இதைவிட எளிதான பயிற்சிகள் பல இருக்கின்றன.

இதற்குச் சான்றாக ஒரு பழைய ஆய்வைச் சொல்லலாம். உடற்பயிற்சியை நிறுத்தினால் உறக்கம் எப்படி மாறுகிறது என்பதை அறிய விரும்பிய பிரடெரிக் பேக்லாண்ட் என்ற மனநல மருத்துவர், ஒரு மாதம் பயிற்சியை விட்டிருக்க ஒப்புக்கொள்பவர்களுக்குப் பணம் தருவதாக அறிவித்தார். 1970இல் வெளியான அந்த ஆய்வின்படி, வாரத்தில் ஐந்தாறு நாள் பயிற்சி செய்தவர்கள் எவ்வளவு பணம் கொடுத்தாலும் நிறுத்த மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். அவர் வாரத்துக்கு மூன்று நான்கு நாள் மட்டும் பயிற்சி செய்பவர்களை வைத்தே ஆய்வை முடிக்க வேண்டியிருந்தது. உறக்கத்தைப் பற்றி அந்த ஆய்வு சொன்னதைவிட, ஆள் கிடைக்காமல் அது திண்டாடிய கதையே நம் கேள்விக்கு அதிகம் உதவுகிறது.

மனித உடல் ஓடுவதற்கென்றே அமைந்தது என்கிறார்களே, உண்மையா?

பெருமளவு உண்மை என்று கருத இடமிருக்கிறது. வேகத்தில் மனிதர் மிகச் சாதாரணமான விலங்கு. ஒரு பூனையைக்கூட நம்மால் விரட்டிப் பிடிக்க முடியாது. தூரத்தில்தான் நம் திறமை இருக்கிறது. நான்கு காலில் பாயும் விலங்குகள் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடல் வெப்பத்தைத் தணிக்கின்றன, ஆனால் முழுப் பாய்ச்சலில் இருக்கும்போது அவற்றால் அப்படி இரைக்க முடிவதில்லை. நமக்கோ உடல் முழுதும் இருபது முதல் நாற்பது இலட்சம் வரையான வியர்வைச் சுரப்பிகள் இருப்பதாலும், அடர்ந்த ரோமம் இல்லாததாலும், ஓடிக்கொண்டே வெப்பத்தை வெளியேற்ற முடிகிறது. இதை 1984இல் உயிரியலாளர் டேவிட் கேரியர் எடுத்துக்காட்டினார். 2004இல் டென்னிஸ் பிராம்பிளும் டேனியல் லீபர்மனும் இந்தக் கருத்தை விரித்து, ஒவ்வோர் அடியிலும் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தரும் நீண்ட குதிகால் தசைநாண், ஓடும்போது உடல் முன்னோக்கிக் கவிழாமல் தாங்கும் பெரிய பிட்டத்தசை, தலை குலுங்காமல் பிடித்துக்கொள்ளும் பிடரி இணைப்புநார் ஆகியவற்றைச் சுட்டி, நெடுந்தூர ஓட்டமே நம் உடலை வடிவமைத்த காரணிகளுள் ஒன்று என்று வாதிட்டார்கள்.

கலகாரிப் பாலைப் பகுதியின் சான் மக்கள் கடும் வெயிலில் மானைப் பல மணி நேரம் விடாமல் தொடர்ந்து, அது சூடேறித் தளர்ந்து விழும்வரை ஓடி வேட்டையாடியது நேரில் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. அது எங்கோ ஓரிடத்தில் மட்டும் நடந்த விதிவிலக்கு என்று சிலர் மறுத்துவந்தனர். உலகின் பல பகுதிகளிலிருந்து இத்தகைய வேட்டையைப் பற்றிய ஏறத்தாழ 400 பழைய குறிப்புகளைத் திரட்டி 2024இல் வெளியான ஆய்வு அந்த மறுப்பைப் பலவீனப்படுத்தியது.

ஆயினும் இதிலிருந்து ஒரு முடிவுக்குத் தாவிவிடக் கூடாது. ஓட முடியும் என்பது ஒன்று, ஓட விரும்புவது வேறொன்று. நம் முன்னோர் உணவுக்காக ஓடினார்கள். உணவு கிடைத்த நாளில் அவர்கள் நிழலில் படுத்து ஆற்றலைச் சேமித்திருப்பார்கள் என்றே லீபர்மனும் சொல்கிறார். தேவையே இல்லாமல் ஓடுவது அண்மைக் கால மனிதரின் செயல். அதற்கான காரணத்தை எலும்பிலும் தசையிலும் மட்டும் தேடினால் கிடைக்காது.

ஓடும்போது ஏற்படும் இன்ப உணர்வுக்கு எண்டார்ஃபின்தானே காரணம்?

அப்படித்தான் நெடுங்காலம் சொல்லப்பட்டது, இன்றும் சொல்லப்படுகிறது. மூளை தானே சுரக்கும் வலிநிவாரணிகள் 1970களில் கண்டறியப்பட்டதும், ஓட்டப்பந்தய வீரர்களின் இரத்தத்தில் எண்டார்ஃபின் கூடுவது அளக்கப்பட்டு, இன்பத்தின் காரணம் அதுவே என்று முடிவு கட்டப்பட்டது. அதில் ஒரு சிக்கல் இருந்தது. இரத்தத்தில் ஓடும் எண்டார்ஃபின் மூலக்கூறு, மூளையைக் காக்கும் தடுப்பைத் தாண்டி உள்ளே செல்வதில்லை. 2008இல் ஜெர்மனியில் இரண்டு மணி நேரம் ஓடிய பத்து வீரர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது மூளைக்குள்ளேயும் அத்தகைய சுரப்பு நிகழ்வதற்கான அடையாளம் தெரிந்தது. எனவே எண்டார்ஃபினுக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் இன்றைய ஆய்வாளர் பலர் வேறொரு பொருளையே முதன்மையாகக் கருதுகிறார்கள். ஆனந்தமைடு எனப்படும் அது, கஞ்சாவின் வேதிப்பொருள் சென்று பொருந்தும் அதே ஏற்பிகளில் பொருந்தும் வகையில் நம் உடலே உண்டாக்குவது. மிதமான வேகத்தில் நெடுநேரம் ஓடும்போது அது இரத்தத்தில் கூடுகிறது, மூளைக்குள்ளும் எளிதில் நுழைகிறது. எலிகளில் அந்த ஏற்பிகளை அடைத்துவிட்டபோது, ஓடியபின் வழக்கமாக ஏற்படும் அச்சக் குறைவும் வலிக் குறைவும் காணப்படவில்லை என்று 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. 2021இல் மனிதர்களுக்கு எண்டார்ஃபினின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்து ஓடச் செய்தபோது, அவர்களுடைய மகிழ்ச்சி குறையவில்லை.

இந்த வேதியியலைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் இதுவே முழு விடை என்று நினைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நாள்தோறும் ஓடுபவர்களைக் கேட்டால், பேரின்பம் எப்போதாவது வரும் விருந்தாளி என்றே சொல்வார்கள். அது வராத நாள்களிலும் அவர்கள் ஓடுகிறார்கள் அல்லவா?

ஓடும்போது மனம் இலேசாவது ஏன்?

எந்நேரமும் திட்டமிட்டுக்கொண்டும், நடந்ததை அசைபோட்டுக்கொண்டும், பிறர் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கணக்கிட்டுக்கொண்டும் இருப்பது மூளையின் முன்பகுதியின் வேலை. பெரிய தசைகளை இடைவிடாமல் இயக்குவதற்கும் சமநிலையைக் காப்பதற்கும் மூளை தன் வளங்களைத் திருப்பிவிடும்போது, இந்த முன்பகுதியின் செயல்பாடு தற்காலிகமாகத் தணிகிறது என்பது ஆர்னே டீட்ரிக் 2003இல் முன்வைத்த கருதுகோள். இன்னும் முழுமையாக நிறுவப்படாவிட்டாலும், ஓடுபவர்களின் அனுபவத்தோடு இது பொருந்துகிறது.

முதல் பத்து நிமிடம் மனம் வழக்கம்போல் சலசலத்துக்கொண்டிருக்கும். செலுத்த வேண்டிய கட்டணம், சொல்லாமல் விட்ட பதில், அலுவலகத்தில் ஒருவர் பார்த்த பார்வை என்று எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். மூச்சும் காலடியும் ஒரு தாளத்துக்கு வந்த பிறகு, அவை மறைந்துவிடுவதில்லை, ஆனால் அவற்றின் அதிகாரம் குறைகிறது. அதே நினைவு வரும், முன்போல் கழுத்தைப் பிடிக்காது. சிலருக்கு அந்நேரத்தில் நெடுநாள் அவிழாத ஒரு சிக்கலுக்கு வழி தோன்றுவதும் உண்டு. தீர்வைத் தேடியே தீர வேண்டும் என்ற நெருக்கடி விலகியதால் தோன்றியது அது.

இங்கே உடல் களைப்பின் பங்கைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஏற்றத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அடுத்த அடியும் அடுத்த மூச்சுமே பிரச்சினை. வாழ்க்கையில் வேறெங்கும் பிரச்சினைகள் இவ்வளவு தெளிவாகவும், இவ்வளவு சிறியவையாகவும், உடனே தீரக்கூடியவையாகவும் வருவதில்லை.

அப்படியானால் இது பிரச்சினைகளிலிருந்து தப்பி ஓடுவதுதானே?

சில வேளைகளில் ஆம். இந்தக் கேள்வியை ஓடுபவர்கள் அவமதிப்பாக எடுத்துக்கொள்வது தேவையற்றது, ஏனெனில் இது நேர்மையான கேள்வி. நார்வே உளவியலாளர் ஃபுரோட ஸ்டென்செங்கும் உடனாய்வாளர்களும் பொழுதுபோக்காக ஓடும் 227 பேரை வைத்து இதே கேள்வியை ஆராய்ந்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் இரு வகைத் தப்பித்தலைப் பிரித்துக் காட்டினார்கள். துன்பமான எண்ணங்களை அமுக்குவதற்காக ஓடுவது முதல் வகை. நல்ல அனுபவங்களை நாடி, தன்னை விரித்துக்கொள்வதற்காக ஓட்டத்தில் கரைந்துபோவது இரண்டாம் வகை. இரண்டிலும் ஓடுபவர் தன்னை மறக்கிறார் என்பது உண்மை. ஆனால் முதல் வகையினரிடம் ஓட்டத்துக்கு அடிமையாகும் போக்கு வலுவாகவும், வாழ்க்கை நிறைவு குறைவாகவும் காணப்பட்டது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இந்த இருவரையும் பிரித்தறிய முடியாது. இருவரும் ஒரே தூரத்தை ஒரே வேகத்தில் ஓடக்கூடும். வீடு திரும்பிய பிறகுதான் வேறுபாடு தெரியும். தள்ளிப்போட்ட தொலைபேசி அழைப்பைச் செய்வதற்கான தெம்பு ஓட்டத்தால் ஒருவருக்குக் கிடைத்திருக்கும். மற்றவருக்கோ அழைப்பு அப்படியே கிடக்க, அடுத்த ஓட்டம் எப்போது என்ற எண்ணம் மட்டுமே மிஞ்சியிருக்கும். ஒரே ஆள் சில மாதங்கள் முதல் வகையாகவும் சில மாதங்கள் இரண்டாம் வகையாகவும் இருப்பதும் இயல்பு.

சில நேரங்களில் தப்பி ஓடுவதே சரியான செயல் என்பதையும் மறக்கக் கூடாது. சூடானில் ஆறு வயதில் ஆயுதக் குழுவால் கடத்தப்பட்ட லோபெஸ் லொமோங், மற்ற மூன்று சிறுவர்களோடு தப்பி மூன்று நாள் ஓடிக் கென்யாவை அடைந்து, ககூமா அகதி முகாமில் பத்தாண்டு வாழ்ந்தார். பின்னர் அமெரிக்காவில் குடியேறி, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் அந்நாட்டுக் கொடியை ஏந்தினார். உயிர் தப்ப ஓடிய அதே கால்களால் பிறகு விருப்பப்பட்டு ஓட முடிந்தது என்பதில், இந்தப் பக்கத்தின் கேள்வி முழுவதும் அடங்கியிருக்கிறது.

துயரத்தில் இருப்பவர்கள் ஏன் ஓடத் தொடங்குகிறார்கள்?

துயரத்தின்போது செய்வதற்கு எதுவும் இருப்பதில்லை. அதுவே அதன் கொடுமை. இழந்ததைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு வேலை கொடுத்தால் எந்த மனிதரும் அதைச் செய்துவிடுவார், ஆனால் அப்படி ஒரு வேலை இல்லை. ஓட்டம் அந்த இழப்பை ஈடுசெய்யாது என்றாலும், உடலுக்குச் செய்ய ஒன்றைத் தருகிறது. 1990களில் மனைவியையும் ஒரு மகனையும் இழந்த பௌஜா சிங், எண்பது வயதைக் கடந்த பின் தீவிரமாக ஓடத் தொடங்கி, 2000இல் இலண்டன் மாரத்தானை ஓடினார். பாஸ்போர்ட்டில் உள்ள பிறந்த ஆண்டின்படி நூறு வயதில், 2011இல், டொரன்டோ மாரத்தானை முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் நிறுவனம் அதை ஏற்கவில்லை. துயரத்திலிருந்து மீள்வதற்காக ஓடத் தொடங்கிய ஒருவருக்கு அந்த ஏற்பு எவ்வளவு முக்கியம் என்பது வேறு விஷயம்.

டெரி ஃபாக்ஸின் கதை இன்னொரு விதம். எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலக்காலை இழந்த அவர், 1980இல் செயற்கைக் காலோடு கனடாவின் குறுக்கே ஓடத் தொடங்கினார். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மாரத்தான் தூரம் என 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய நிலையில், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்தினார். அடுத்த ஆண்டு மறைந்தார். மருத்துவமனையில் தன்னோடு இருந்த மற்ற நோயாளிகளின் துன்பமே தன்னை ஓடவைத்தது என்று அவர் கூறினார். தன் துயரத்தை மறக்க ஓடுவதும் பிறர் துயரத்தைச் சுமந்து ஓடுவதும் ஒன்றல்ல என்றாலும், இரண்டிலும் கையறு நிலையை ஏற்க மறுப்பது பொதுவாக இருக்கிறது.

மனச்சோர்வுக்கு ஓட்டம் மருந்தாகுமா?

ஓரளவு ஆகும் என்பதற்குச் சான்று உண்டு. ஐம்பது வயதைக் கடந்த, கடும் மனச்சோர்வு உள்ள 156 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வாரம் மூன்று முறை நடையும் மெல்லோட்டமும், ஒரு குழுவுக்கு செர்ட்ரலின் மருந்தும், ஒரு குழுவுக்கு இரண்டும் கொடுத்து ஜேம்ஸ் புளூமென்தால் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், 16 வாரங்களின் முடிவில் மூன்று குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியிருந்தார்கள். மருந்து கொஞ்சம் விரைவாக வேலை செய்தது. ஆனால் இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்துவது ஆபத்தானது. படுக்கையை விட்டு எழ முடியாத ஒருவரிடம் போய் ஓடு என்று சொல்வது இரக்கமற்ற செயலும்கூட. மருத்துவரின் கவனிப்போடு சேர்த்துச் செய்ய வேண்டியது இது.

விடுதலை என்கிறீர்களே, எதிலிருந்து விடுதலை?

திறந்த வெளி, காற்று, தொலைவு என்று விடை சொல்வது வழக்கம். அந்த விடை போதாது என்பதை இரண்டு சிறைகளின் வரலாறு காட்டுகிறது.

இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் இருக்கும் ட்ரெட்மில்லின் மூதாதை இங்கிலாந்தின் சிறைகளில் பிறந்தது. வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் 1818இல் வடிவமைத்த பெரும் சக்கரத்தின் படிகளில் கைதிகள் மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். சில சிறைகளில் அது மாவரைத்தது, தண்ணீர் இறைத்தது. சில சிறைகளில் எந்த வேலையும் செய்யாமல் வெறுமனே சுழன்றது. கைதிகளின் உடலையும் மனத்தையும் நொறுக்கிய அந்தத் தண்டனை, 1898இன் சிறைச் சட்டத்துக்குப் பிறகுதான் வழக்கொழிந்தது.

நெல்சன் மண்டேலா தம் 27 ஆண்டுச் சிறைவாசத்தில் 18 ஆண்டுகளை ராபன் தீவில் கழித்தார். கல்லூரிக் காலத்தில் நெடுந்தூர ஓட்டக்காரராக இருந்த அவர், கைகளை நீட்டினால் சுவர் தட்டும் அந்தச் சிறிய அறையில், திங்கள் முதல் வியாழன் வரை, விடியற்காலையில் நின்ற இடத்திலேயே 45 நிமிடம் வரை ஓடினார். ஓர் அங்குலம்கூட முன்னே போகாத ஓட்டம் அது.

சக்கரத்தில் ஏறிய கைதியும் அறையில் ஓடிய கைதியும் உடலால் செய்தது ஏறத்தாழ ஒன்றே. இருவரும் எங்கும் போகவில்லை. ஒருவருடைய அசைவைப் பிறர் கட்டளையிட்டார்கள், மற்றவருடையதை அவரே தீர்மானித்தார். ஓட்டத்தின் விடுதலை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. எங்கே திரும்புவது, எவ்வளவு வலியைத் தாங்குவது, எப்போது நிற்பது என்பவற்றை ஓடுபவரே முடிவு செய்கிறார். காலையில் எழுந்ததிலிருந்து இரவு உறங்கும்வரை பிறர் வகுத்த நேர அட்டவணையில் வாழும் ஒருவருக்கு, இந்த அரை மணி நேரத்தின் அருமை தனியானது.

இதில் முரண்போல் தோன்றும் ஒன்று உண்டு. கட்டுப்பாடு இல்லாதவருக்கு இந்த விடுதலை கிடைப்பதில்லை. 2019இல் வியன்னாவில், பந்தய விதிகளுக்கு உட்படாத ஒரு சிறப்பு ஏற்பாட்டில், மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் கடந்த எலியுட் கிப்சோகே, ஒழுங்குக்குத் தன்னை உட்படுத்திக்கொள்பவரே சுதந்திரமானவர், மற்றவர் தம் மனநிலைக்கு அடிமை என்ற கருத்தைப் பல முறை சொல்லியிருக்கிறார். வெற்றியாளர் சொல்வதாலேயே எதையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் இன்று வேண்டாம் என்று மனம் சொல்லும்போதும் காலணியைக் கட்டிக்கொண்டு புறப்பட்ட எவருக்கும், தன்னைத் தானே மீறியதன் சுவை தெரிந்திருக்கும்.

ஓட்டம் சமூக விடுதலைக்கும் துணை நின்றிருக்கிறதா?

நின்றிருக்கிறது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடியபின், அவர்கள் சுருண்டு விழுந்ததாகப் பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. அதன் விளைவாக அந்தப் போட்டி 1960வரை ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. பெண்ணின் உடல் மாரத்தானைத் தாங்காது என்று கூறி விண்ணப்பம் மறுக்கப்பட்ட பாபி கிப், 1966இல் பாஸ்டன் மாரத்தானின் தொடக்கக் கோட்டருகே புதரில் மறைந்திருந்து, கூட்டத்தில் கலந்து, முழுத் தூரத்தையும் ஓடினார். அடுத்த ஆண்டு முதலெழுத்துகளை மட்டும் எழுதிப் பதிவு செய்த கேத்ரின் ஸ்விட்சர் 261ஆம் எண்ணோடு ஓடியபோது, போட்டி அலுவலர் ஒருவர் வழியிலேயே பாய்ந்து அந்த எண்ணைப் பிய்த்தெடுக்க முயன்ற படம் உலகெங்கும் பரவியது. 1972இல் பாஸ்டன் பெண்களை முறைப்படி ஏற்றது. ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் 1984இல்தான் வந்தது.

இந்த வரலாற்றில் கவனிக்கத்தக்கது, அவர்கள் வாதத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை என்பதே. முடியாது என்று சொல்லப்பட்ட செயலைச் செய்து முடித்த பிறகு வாதத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்த காலத்தில், 1936 பெர்லின் மாரத்தானில் சோன் கீ சுங் ஜப்பானியப் பெயரில், ஜப்பானியச் சீருடையில் ஓடி வென்றார். பரிசு மேடையில் தலைகுனிந்து நின்ற அவர், வெற்றியாளருக்குத் தரப்பட்ட ஓக் மரக்கன்றால் மார்பிலிருந்த ஜப்பானியச் சின்னத்தை மறைத்துக்கொண்டார். 52 ஆண்டுகளுக்குப் பின் சியோல் ஒலிம்பிக்கில் சுடரை ஏந்தி அரங்கத்துக்குள் ஓடிவந்த முதியவர் அவரே. இத்தாலியப் படைகள் முன்பு ஆக்கிரமித்திருந்த எத்தியோப்பியாவைச் சேர்ந்த அபேபே பிகிலா, 1960இல் அதே இத்தாலியின் தலைநகரில் வெறுங்காலோடு ஓடி மாரத்தானை வென்றதையும் இதனோடு சேர்த்து எண்ணலாம்.

எல்லோருக்கும் இந்தச் சுதந்திரம் சமமாகக் கிடைக்கிறதா?

இல்லை. ஓடுவதற்கு ஒரு சாலையும் இரண்டு கால்களும் போதும் என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் பயமின்றி ஓடக்கூடியவர்கள். 2020 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஓடிக்கொண்டிருந்த அகமாட் ஆர்பெரி என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞரை வெள்ளையர் மூவர் வண்டிகளில் துரத்த, அவர்களில் ஒருவர் அவரைச் சுட்டுக் கொன்றார். மூவரும் மறு ஆண்டு குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள். இருட்டும் நேரத்தையும் ஆளில்லாத பாதையையும் பெண்கள் தவிர்ப்பதும், காதில் பாட்டுக் கருவியைப் பொருத்தத் தயங்குவதும் உலகின் எல்லாப் பகுதிகளிலும் நடப்பவை. உள்ளே கிடைக்கும் விடுதலைக்கு வெளியே ஒரு குறைந்தபட்ச பாதுகாப்பு தேவைப்படுகிறது. அதைத் தருவது தனிமனித மன உறுதியின் பொறுப்பன்று. தெரு விளக்கு, நடைபாதை, காவல், அக்கம்பக்கத்தாரின் பார்வை ஆகியவற்றின் பொறுப்பு.

தனியாக ஓடுவது நல்லதா, கூட்டமாகவா?

மனம் எதைக் கேட்கிறதோ அது. தனிமையைத் தேடுபவருக்குக் கூட்டம் இடைஞ்சல். ஆனால் தனிமையே நோயாக இருப்பவருக்குக் கூட்டமே மருந்து. 2004இல் இலண்டனின் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கிய கட்டணமில்லாச் சனிக்கிழமை ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், இன்று பார்க்ரன் என்ற பெயரில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. வீடற்றவர்களை அதிகாலையில் சேர்ந்து ஓடச் செய்யும் அமைப்பு ஒன்று 2007இல் பிலடெல்பியாவில் உருவானது. அங்கே ஓடுபவருக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி, நேற்று ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்பதே.

கடிகாரமும் செயலிகளும் இந்த அனுபவத்தைக் கெடுக்கின்றனவா?

கருவி பயிற்சிக்கு உதவும். ஆனால் மேலே சொன்ன சிறைச் சக்கரத்தை நினைவில் வைத்துக்கொண்டு உங்களையே கேட்டுப் பாருங்கள்: இன்றைய வேகத்தை முடிவு செய்தது நீங்களா, மணிக்கட்டில் இருப்பதா? பதிவாகாத ஓட்டம் வீண் என்று தோன்றத் தொடங்கினால், சில நாள் அதை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

ஓட்டம் எப்போது அடிமைத்தனமாக மாறுகிறது?

நிறுத்தும் உரிமை உங்கள் கையை விட்டுப் போகும்போது. காய்ச்சலிலும் காயத்திலும் ஓடுவது, ஒரு நாள் தவறினால் குற்றவுணர்வும் எரிச்சலும் வீட்டார்மேல் பாய்வது, சாப்பிட்ட ஒவ்வொரு கவளத்துக்கும் தண்டனையாகக் கிலோமீட்டர் கணக்கிடுவது ஆகியவை அதன் அடையாளங்கள். கடைசியாகச் சொன்னது குறிப்பாக ஆபத்தானது. செலவிடும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாமல் தொடர்ந்து ஓடினால் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கலாம், ஆண் பெண் இருபாலருக்கும் எலும்பு வலுவிழந்து கீறல் விடலாம், நோய் எதிர்ப்பு குறையலாம். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதற்குத் தனிப் பெயரிட்டு எச்சரித்தது. இந்த நிலையை எட்டியவருக்கு மேலும் மன உறுதி தேவையில்லை. மருத்துவரின் உதவியும், உண்மையைப் பேசக்கூடிய ஒரு நண்பரும் தேவை.

நான் ஓடிப் பார்த்தேன், மூச்சுத் திணறலைத் தவிர எதுவும் தோன்றவில்லையே?

பெரும்பாலும் வேகமே காரணம். புதிதாகத் தொடங்குபவர்கள், ஓட்டம் என்றால் பள்ளி மைதானத்தில் ஓடிய பந்தயம் என்ற நினைவில், தம் தகுதிக்கு மீறிய வேகத்தில் பாய்ந்து, மூன்றாம் நிமிடத்தில் துவண்டுவிடுகிறார்கள். பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியங்களில் பேச முடிகிற வேகமே சரியான வேகம். அது நடையைவிடச் சற்றே விரைவாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மீண்டும் ஓடலாம். இதயமும் தசைகளும் இசைந்துகொள்ளச் சில வாரங்கள் ஆகும்; தசைநாணும் எலும்பும் இன்னும் மெதுவாகவே வலுப்பெறும். ஆகவே மூச்சு அனுமதித்தாலும் தூரத்தை அவசரப்பட்டுக் கூட்ட வேண்டாம். இதய நோயோ நெஞ்சுவலியோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால், விட்டுவிடுங்கள். நீந்துபவர்களும் மிதிவண்டி ஓட்டுபவர்களும் மலை ஏறுபவர்களும் இதே விடுதலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

வயதோ காயமோ காரணமாக இனி ஓட முடியாது என்றால்?

நெடுங்காலம் ஓடியவருக்கு இது உண்மையான இழப்பு, அதை அற்பமாக எண்ணி ஆறுதல் சொல்வது முறையன்று. சில மாதங்கள் வெறுமையாகவும், பிறர் ஓடுவதைப் பார்த்தால் எரிச்சலாகவும் இருப்பது இயல்பு. மனச்சோர்வு பற்றிய மேற்கண்ட ஆய்வில் பங்கேற்றவர்களில் வேகநடை நடந்தவர்களும் இருந்தார்கள் என்பதால், உடலுக்கும் மனத்துக்கும் கிடைக்கும் பலனில் பெரும்பகுதியை நடையே தந்துவிடும். தன் நேரத்தையும் தன் உழைப்பையும் தானே தீர்மானிக்கும் பழக்கத்தை ஓட்டத்தில் கற்றவர், அதை வேறொரு செயலுக்கு மாற்றிக்கொள்வதே சிறந்த வழி. முழங்கால் மருத்துவர் ஓடக் கூடாது என்று சொன்னால், எவ்வளவு காலத்துக்கு, எந்த வகைத் தரையில், எவ்வளவு தூரம் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பல நேரங்களில் அந்தத் தடை நினைத்ததைவிடக் குறுகியதாக இருக்கும்.